பன்னிரண்டு பாகத்தில் சிவப்பு

எனக்கு வருகிற வாசகர் கடிதங்களில் பாதி, கதாநாயகியை ஏன் அவனுக்குக் கட்டிவைக்கவில்லை என்று சண்டை பிடிப்பவை. கால் பங்கு, "என் வாழ்க்கையையே ஒரு நாவலாக எழுதலாம், நேரில் வந்தால் சொல்கிறேன்" என்பவை. எஞ்சிய கால் பங்கில்தான் எப்போதாவது எழுத்தாளனுக்குப் பிரயோஜனமான கடிதம் ஒன்று அகப்படும். அது பெரும்பாலும் சின்னதாக இருக்கும். புகழ்ச்சி ஒரு வரிகூட இருக்காது.

கீழக்கரையிலிருந்து வந்த அந்த இன்லண்டு கடிதம் அப்படிப்பட்டது. பள்ளிக்கூடப் பெண்ணின் உருண்டைக் கையெழுத்து. "உங்கள் தொடர்கதையை வாராவாரம் எங்கள் பாட்டனாருக்கு வாசித்துக் காட்டுகிறேன். சென்ற வாரம், கணவன் பன்னிரண்டு பாக ஆழத்தில் குங்குமச் சிவப்பான மீன் கூட்டத்தைப் பார்த்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பாட்டனார் நாற்பது வருஷம் சங்கு குளித்தவர்கள். பன்னிரண்டு பாகத்தில் சிவப்பு கிடையாது என்று உங்களுக்கு எழுதச் சொன்னார்கள். இப்படிக்கு" என்று கையெழுத்து. அவ்வளவுதான்.

அந்த அத்தியாயத்தைப் பற்றி நான் கொஞ்சம் கர்வப்பட்டுக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சங்கு குளிக்கிறவன் ஒருவன், கல்யாணமாகி எட்டாவது மாதம், கடலில் இறங்குகிறான். மேலே வள்ளத்தில் கயிற்றைப் பிடித்திருப்பவன் மனைவியின் தம்பி. அந்தத் தொழிலில் மச்சானிடம்தான் கயிற்றைக் கொடுப்பார்கள், தன் சகோதரி தாலியறுக்க எவனும் சம்மதிக்க மாட்டான் என்று சொல்வதுண்டு. கீழே அவன் கண்ணெதிரே ஒரு சிவப்பு மீன் கூட்டம் திரும்புகிறது. மனைவியின் கல்யாணப் புடவை அவன் நினைவுக்கு வருகிறது. கையை நீட்டுகிறான். கயிற்றை இழுக்க மறந்துபோகிறான். இதைப் படித்துவிட்டு அழுததாக எழுதிய பெண்கள் மட்டும் முப்பது பேருக்கு மேல் இருக்கும். என் மனைவியே அன்று இரவு என்னிடம் அதிகம் பேசவில்லை. அவளிடமிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் அந்தக் கடலை நான் எழுதியது எங்கே உட்கார்ந்து? பக்கத்து வீட்டு முருங்கை மரம் மட்டும் தெரிகிற ஜன்னலோரத்தில். எனக்குத் தெரிந்த கடல், மெரினாவில் சுண்டல் தின்றுகொண்டு பார்த்த கடல். மீன்களுக்கு ஆதாரம், ஒரு பாங்கு கொடுத்த காலண்டர். ஜனவரியில் மஞ்சள் மீன், பிப்ரவரியில் நீல மீன், மார்ச்சில் சிவப்பு. நான் மார்ச்சு மாதத்தில் எழுதினேன்.

கடிதம் மேஜைமேல் பத்து நாள் கிடந்தது. கல்லூரியில் இரண்டு வருஷம் பௌதிகம் படித்தவன் நான். முக்கோணக் கண்ணாடியில் வெயிலை ஏழாகப் பிரித்து நோட்டுப் புத்தகத்தில் படம் போட்டு மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அந்த ஏழும் தண்ணீருக்குள் எவ்வளவு தூரம் போகும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. மாசி மாதக் கடைசியில், கடல் அமைதியாக இருக்கும் என்று விசாரித்துக்கொண்டு, ராமநாதபுரம் போய் அங்கிருந்து பஸ் ஏறினேன்.

பெரியவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு. இடது காது கேட்காது. தொழிலில் போன காது. வலது பக்கமாகத் திரும்பி, நான் யார் என்பதை இரண்டு தரம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"நீங்கதானா தம்பி? கோவிச்சுக்கிட்டு வருவீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

"கற்றுக்கொள்ளத்தான் பாய் வந்தேன்" என்றேன். பாதி உண்மை. அவர் சொல்வது தப்பாக இருக்கவேண்டும் என்றுதான் பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் பிரார்த்தனை செய்துகொண்டு வந்தேன்.

தேநீரும் தொதலும் வந்தன. தொதலைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம், இங்கே இடமில்லை. பேத்தி கதவோரம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்தாளன் இன்னும் சற்று உயரமாக இருப்பான் என்று அவள் எதிர்பார்த்திருக்கவேண்டும்.

மறுநாள் விடியற்காலையில் அவருடைய தங்கை மகனின் வள்ளத்தில் புறப்பட்டோம். மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. இஷ்டத்துக்குப் போய்வர முடியாது. எங்களுக்கு வேண்டியது மீனும் அல்ல, பவளப் பாரும் அல்ல, வெறும் ஆழம். தண்ணீர் தெளிவாக இருந்த ஓரிடத்தில் வள்ளத்தை நிறுத்தினார்கள்.

பெரியவர் மடியிலிருந்து இரண்டு துணிக் கிழிசல்களை எடுத்தார். ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள். ஒவ்வொரு பாகத்துக்கும் முடிச்சுப் போட்ட கயிறு. பாகம் என்பது இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம், ஏறக்குறைய ஆறடி. கயிற்றின் நுனியில் ஒரு கல்லையும் இரண்டு துணிகளையும் கட்டினார். என் கையில் அடியில் கண்ணாடி பதித்த ஒரு தகரப் பெட்டியைக் கொடுத்து, அதை நீரில் அழுத்தி உள்ளே பார்க்கச் சொன்னார்.

முதல் முடிச்சு இறங்கியது. சிவப்பு சிவப்பாகவே இருந்தது; பலமுறை துவைத்த சிவப்பு. இரண்டாவது முடிச்சில் செங்கல். மூன்றாவதில் காபிப்பொடி. நான்காவதில், அது சிவப்புத் துணி என்று தெரிந்திருந்ததனால் மட்டுமே நான் அதைத் துணி என்று கண்டுகொண்டேன். கரிபிடித்த பாத்திரத் துணிபோல் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மஞ்சள் மட்டும் வெளுத்துப்போன மஞ்சளாக இன்னும் தெரிந்தது.

விஷயம் சாமான்யமானதுதான். வெயிலில் இருக்கிற நிறங்களில் தண்ணீர் முதலில் குடித்துவிடுவது சிவப்பை. தெளிந்த கடலிலேயே ஐந்தாறு மீட்டருக்குள் சிவப்பின் பெரும் பகுதி போய்விடும். பத்து மீட்டரில் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள். நீலம்தான் வெகுதூரம் இறங்கும். வள்ளத்தில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு வெளிச்சம் கீழே போய்த் திரும்பியும் வரவேண்டும். எனக்கு நாலு பாகத்தில் தெரிந்தது முக்குளிக்கிறவனுக்கு எட்டுப் பாகத்துக் காட்சி. காலண்டர்க்காரர்கள் கையோடு விளக்கைக் கொண்டுபோய்ப் படம் பிடிக்கிறார்கள். விளக்கில் சிவப்பும் சேர்ந்து போகிறது. அந்த மீன் பிறந்த நாளிலிருந்து அந்த நிறத்தில் அதை அங்கே யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"பார்த்தீங்களா?" என்றார் பெரியவர்.

"பார்த்தேன் பாய். இதற்காகவா அந்தக் கடிதம் எழுதச் சொன்னீர்கள்? கதைதானே?"

ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. தோற்றவன் கடைசியாக எறிகிற கல் அது. அவர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார்.

"என் தம்பி ஒருத்தன் இருந்தான். என்னைவிட நாலு வயசு சின்னவன். பத்துப் பன்னிரண்டு பாகம் இருக்கும் அந்த இடம். கயிறு அசையல. நான்தான் கீழே போனேன். மூக்கிலேயும் வாயிலேயும் ரத்தம் போய்க்கிட்டிருந்தது. பச்சையாப் போச்சு தம்பி. பச்சைப் புகை மாதிரி. அது ரத்தம்னே எனக்கு மொதல்ல தெரியல. மேலே கொண்டுவந்து வள்ளத்தில போட்ட அப்புறம்தான் செவப்பாச்சு."

வள்ளத்தை ஓட்டுகிற பையன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"புள்ளை வாசிச்சா. நல்லாத்தான் எழுதியிருந்தீங்க. கேட்டுக்கிட்டே இருந்தேன். அவன் செவப்பா மீனைப் பார்த்தான்னு வந்ததும் எந்திரிச்சு வெளியே போயிட்டேன். என் தம்பி கடைசியா எதைப் பார்த்தான்னு எனக்குத் தெரியாது. எதைப் பார்க்கலைன்னு தெரியும்."

கயிற்றை இழுத்தார். கறுப்பாக இருந்தது காபிப்பொடியாகி, செங்கல்லாகி, நீருக்கு மேலே வந்ததும் பளீரென்று சிவந்தது. வள்ளத்தின் பலகைமேல் அது சொட்டிக்கொண்டு கிடந்தது. நான் அதை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

கரைக்குத் திரும்பியபோது ஒரு வலையில் வந்த மீனைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கிளிமீன் ஒன்று கிடந்தது. கிளியின் அலகு போலவே வாய்; உடம்பு பச்சையும் நீலமுமாக, செதில் ஓரத்தில் இளஞ்சிவப்புக் கோடு. பட்டுக் கடையில் பிரித்துப் போட்டதுபோல் இருந்தது. நான் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிறம் இறங்க ஆரம்பித்தது. முதலில் பளபளப்புப் போயிற்று. அரை மணியில் சாதாரண மீனாகிவிட்டது. பக்கத்தில் கிடந்த ஒரு கணவாயின் தோலில் மட்டும் செத்த பிறகும் புள்ளிகள் சுருங்கி விரிந்துகொண்டிருந்தன. உயிர் போனது புள்ளிகளுக்கு இன்னும் தெரியாது.

பழைய ரோமாபுரியில் பணக்காரர்கள் இதையே ஒரு விருந்துக் காட்சியாக வைத்திருந்தார்கள். நம் நவரை மீனுக்கு உறவான ஒரு சிவப்பு மீனைக் கண்ணாடிப் பாத்திரத்தில் உயிரோடு மேஜைக்குக் கொண்டுவந்து, அது சாகும்போது நிறம் நிறமாக மாறுவதைப் பார்த்து ரசித்த பிறகு சாப்பிடுவார்களாம். ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் செனகா இதை எழுதிக் கண்டித்திருக்கிறார். அதைப் படித்தபோது அந்தப் பணக்காரர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் ஒருவனைத் தண்ணீருக்குள் சாகவிட்டு நிறம் காட்டியவன்தானே?

ஊருக்கு வந்த பிறகு இரண்டு மாதம் இதே பைத்தியமாக இருந்தேன். கிடைத்ததையெல்லாம் படித்தேன். சிவப்பு தெரியாத இடத்தில் சிவப்பு மீன் ஏன் இருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் சுலபமாகவே கிடைத்தது: தெரியாமல் இருப்பதற்காகத்தான். அங்கே சிவப்புச் சட்டை என்பது கறுப்புச் சட்டை. பகலெல்லாம் பாறை இடுக்கில் பதுங்கி இரவில் வெளியே வருகிற மீன்களில் பல சிவப்பு. ஆழ்கடல் இறால்களிலும் பல சிவப்பு. இதற்கும் ஒரு எத்தன் உண்டு. ஆழ்கடலில் ஒரு மீன், கண்ணுக்குக் கீழே தானே சிவப்பு விளக்கு ஏற்றிக்கொண்டு போகிறது. மற்றவர்களுக்கு அந்த வெளிச்சம் தெரியாது. அதற்கு மட்டும் தெரியும்.

மஞ்சளும் நீலமும் கதை வேறு. 1857 டிசம்பரில் வாலஸ் என்ற ஆங்கிலேயர் கிழக்கிந்தியத் தீவுகளில் அம்போன் துறைமுகத்தில் படகிலிருந்து எட்டிப் பார்த்து, பவளப் பாறைகளுக்கு நடுவே நீலமும் சிவப்பும் மஞ்சளுமாகத் திரிந்த மீன்களைக் கண்டு பிரமித்துப்போனார். என்னைப் போலவே மேலே இருந்து பார்த்தவர் என்பதில் எனக்கு ஒரு திருப்தி. விஷமுள்ள பிராணி தன்னைத் தொடாதே என்று எச்சரிக்கத்தான் பகட்டான நிறம் பூசிக்கொள்கிறது என்ற யோசனையும் அவருடையதுதான். 1867ல் கம்பளிப்பூச்சிகளை வைத்துச் சொன்னார். கடலில் அதற்குச் சாட்சி நிறைய. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சிறு ஆக்டோபஸ், பயமுறுத்தினால் உடம்பெங்கும் நீல வளையங்களைப் பளிச்சிடுகிறது. அது கடித்தால் மனிதன் மூச்சு நின்று சாகலாம்.

ஆனால் விஷமில்லாத மீன்களும் பகட்டாகத்தானே திரிகின்றன? லோரன்ஸ் என்ற ஆஸ்திரியர் 1963ல் எழுதிய புத்தகத்தில், அது சுவரொட்டி என்றார். "இந்த இடம் என்னுடையது, என் ஜாதிக்காரன் எவனும் வராதே" என்ற விளம்பரம். மற்ற ஜாதி மீன் வந்தால் சண்டையில்லை. அதே நிறம் வந்தால்தான் அடிதடி. நம் தெருக்களில் நடக்காததா? சுவரொட்டியைத் தின்ன வருகிறவனும் பார்ப்பானே என்ற சந்தேகம் எனக்கு வந்தது. ஆஸ்திரேலியாவில் மார்ஷல் என்பவர் 2000ஆம் ஆண்டு அதற்கும் பதில் சொல்லியிருக்கிறார். மீனின் கண் எப்படிப் பார்க்கும் என்று கணக்கிட்டுப் பார்த்தால், மஞ்சள் பவளப் பாரின் பொது நிறத்தோடு கலந்துவிடுகிறது, நீலம் கடல் நீரோடு கலந்துவிடுகிறது. நெருக்கமான கோடுகள் தூரத்தில் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. மதுரைச் சுங்குடிப் புடவையைக் கையில் வைத்துப் பாருங்கள், ஒவ்வொரு புள்ளியும் தெரியும். தெருக்கோடியிலிருந்து பாருங்கள், ஒரே நிறம். பக்கத்தில் இருப்பவனோடு பேச்சு. தூரத்தில் இருப்பவனிடமிருந்து மறைவு. ஒரே உடுப்பு இரண்டையும் செய்கிறது.

வாலஸ் நின்ற அந்த ஊரின் பெயரையே தாங்கிய ஒரு சின்ன மஞ்சள் மீன் உண்டு. நமக்கு அது வெறும் மஞ்சள். அதன் முகத்தில் நம் கண்ணுக்கு எட்டாத புற ஊதா நிறத்தில் நுணுக்கமான கோலம் இருக்கிறது என்றும், தன் இனத்தையும் தன்னைப் போலவே இருக்கும் அடுத்த இனத்தையும் அதைக்கொண்டுதான் அது பிரித்தறிகிறது என்றும் 2010ல் நிரூபித்தார்கள். நிறத்தைப் பார்த்துப் பிரமித்த வாலஸுக்கும் அந்தக் கோலம் தெரிந்திருக்காது.

கிளிமீனைப் பற்றிப் படித்ததில்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. அவற்றில் பல, பெண்ணாக மங்கலான பழுப்பு உடுப்பில் ஆரம்பித்து, பிற்பாடு ஆணாக மாறி நீலப்பச்சைப் பட்டு உடுத்துகின்றன. விஞ்ஞானிகள் வெகு காலம் ஒரே இனத்தை இரண்டாக எண்ணி இரண்டு பெயர் வைத்திருந்தார்கள். தொடர்கதை எழுதுகிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும். நானும் ஒரு பாத்திரத்துக்கு ஏழாம் அத்தியாயத்தில் ஒரு பெயரும் பதினெட்டாம் அத்தியாயத்தில் வேறு பெயரும் வைத்து அகப்பட்டுக்கொண்டவன்.

இப்படிப் படித்துக்கொண்டு போகும்போது ஒரு நாள் இரவு எனக்கு ஒரு புதையல் கிடைத்தது. பவளப் பார்களில் வாழும் சில சிறிய மீன்கள், ஆழத்தில் விழுகிற நீல வெளிச்சத்தை வாங்கிச் சிவப்பாகத் திருப்பி வீசுகின்றன என்று 2008ல் ஜெர்மனிக்காரர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். குறைந்தது முப்பத்திரண்டு இனங்கள்! நான் நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டேன். அப்படியானால் ஆழத்திலும் சிவப்பு உண்டு. என் அத்தியாயம் தப்பித்தது. ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். யாராவது கேட்டால் ஆராய்ச்சியைக் காட்டலாம்.

ஒரு முழு நாள் அந்தச் சந்தோஷத்தில் இருந்தேன். கீழக்கரைக்கு ஒரு கடிதம்கூட எழுத ஆரம்பித்தேன். "அன்புள்ள பாய் அவர்களுக்கு, விஞ்ஞானிகள் சொல்வது என்னவென்றால்" என்பது வரை வந்தது. அதற்குமேல் பேனா ஓடவில்லை. அந்த மீன்கள் பெரும்பாலும் விரலளவு. அந்தச் சிவப்பு அவ்வளவு லேசானது. சிவப்பை மட்டும் விடுகிற கண்ணாடி வழியாகப் பார்த்தால்தான் ஆராய்ச்சிக்காரர்களுக்கே தெரிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கியவன் கல்யாணப் புடவை என்று மயங்குகிற சிவப்பு அது இல்லை. இது எனக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்துகொண்டுதான் கடிதத்தை ஆரம்பித்தேன். இந்தக் கட்டுரையில் இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

நாவல் புத்தகமாக வரும் சமயம் அது. பிரசுரகர்த்தர், "தொடராக வந்தபோது எல்லாரும் அழுத இடம் சார், அதிலே கை வைக்காதீர்கள்" என்றார். அவர் சொல்வதிலும் நியாயமுண்டு. அழுதவர்களில் ஒருவருக்கும் பாகம் என்றால் என்ன என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

அந்த நாலு பக்கத்தையும் எழுத எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று. மீன் கூட்டத்தை நான் எடுக்கவில்லை. அது வருகிறது, திரும்புகிறது, கறுப்பாக இருக்கிறது. மேலே, ஒரு பாகத்தில், வலையில் அதே மீனைச் சிவப்பாகப் பார்த்திருக்கிறவன் அவன். கீழே கறுப்பாகப் பார்க்கும்போது அது என்ன நிறம் என்று அவனுக்குத் தெரியும். புடவை அவன் நினைவுக்கு வருகிறதா இல்லையா என்பதை நான் எழுதவில்லை. என் மனைவி படித்துவிட்டு, "முன்னேதான் நன்றாயிருந்தது" என்றாள்.

போன வாரம் அச்சகத்திலிருந்து ப்ரூஃப் வந்தது. திருத்துகிறவர் மிகவும் கவனமான மனிதர். தொடராக வந்ததையும் படித்தவர். "கறுப்பாக" என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டு, ஓரத்தில் "சிவப்பாக?" என்று எழுதியிருந்தார். நான் அந்த வட்டத்தை அடித்து, மூலத்தில் உள்ளபடியே விடவும் என்று எழுதி அனுப்பினேன். புத்தகம் வந்ததும் கீழக்கரைக்கு முதல் பிரதி போகவேண்டும். எந்தப் பக்கம் என்று அடையாளம் வைக்க வேண்டியதில்லை. பேத்தி முதல் பக்கத்திலிருந்துதான் வாசிப்பாள்.